புறப்பட்டவள் வீட்டில்தான் இருக்கிறாள்

மேலகரம்,
ஆடி கடைசி வெள்ளி.

அன்பு மகள் அபிக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும் என்று இலஞ்சிக் குமரனை வேண்டிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். இங்கே நான் சுகம். உன் அம்மாவும் சுகம்தான், ஆனால் அவள் இங்கே இருக்கிறாளா இல்லையா என்பதிலேயே எனக்குக் குழப்பம் இருப்பதால் அதைப் பின்னால் விளக்கமாக எழுதுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனை ஸ்பீக்கரில் போடாமல் பேச உன் அம்மா விடுவதில்லை, ஸ்பீக்கரில் போட்டால் என்னைப் பேச விடுவதில்லை. போதாததற்கு நீ நாளைக்குக் கூப்பிடுதேன்பா என்கிறாய், அது எங்கள் நாளையா உங்கள் அமெரிக்கா நாளையா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் போன் கட்டாகிவிடுகிறது. சர்வீஸ் முழுக்க போலீஸ் ஸ்டேஷன் ரைட்டராக இருந்து ஊரார் சொன்னதையெல்லாம் எழுதித் தீர்த்தவன் நான். எனக்கு எழுதினால்தான் புத்தி நேராக ஓடும்.

இந்த வருஷம் சாரல் தாராளம். ஐந்தருவியில் வாரத்துக்கு ஒரு தடவையாவது வெள்ளம் வந்து குளிக்கத் தடை போடுகிறார்கள். அருவிக்கரை சீசன் டூட்டியில் நனைந்து நனைந்து வந்த முழங்கால் வலி இப்போது வெயிலடித்தாலும் வருகிறது, நீ அனுப்பிய தைலம் நல்லதுதான், வாசனைதான் வீட்டை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. தோப்பில் காய் வெட்டியாயிற்று. சலவைக்காரன் சுடலையாண்டிக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை, ஏனென்றால் என் கரை வேட்டிகளும், நீ வாங்கி அனுப்பிய அந்தப் பழுப்பு ஸ்வெட்டரும் கொஞ்ச நாளாகக் காணவில்லை. போட்டது ஞாபகம் இருக்கா அண்ணாச்சி என்று என்னையே திருப்பிக் கேட்கிறான். விசாரணை செய்தே காலம் தள்ளியவனிடம் இப்படி ஒரு கேள்வி. அவன் முகத்தைப் பார்த்தால் எடுத்தவன் மாதிரியும் இல்லை. அது கிடக்கட்டும்.

நீ உண்டாகியிருக்கிறாய் என்று சொன்ன மறுவாரமே உன் அம்மா தென்காசியில் கோயில் பக்கத்து மாடியில் நடக்கிற ஸ்பீக்கிங் இங்கிலீஷ் கிளாஸில் சேர்ந்தது உனக்குத் தெரியும். மக பிரசவத்துக்குப் போறவ டாக்டர் முன்னால வாயை மூடிக்கிட்டா நிக்க முடியும் என்று சொன்னாள். அவளை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவது என் வேலை. கிளாஸ் முடியும் வரைக்கும் கீழே நின்றால் வெயில், இல்லாவிட்டால் சாரல், அதனால் மாடி ஏறிப் பின்வரிசையில் உட்கார்ந்துகொள்வேன். நான் மாணவன் இல்லை, ஃபீஸும் கட்டவில்லை, இதை நீ கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். டீச்சர் பெயர் ஸ்ரீமதி, உன்னைவிடச் சின்னப் பெண், கீச்சென்ற குரல், ஆனால் அதட்டினால் எங்கள் பழைய இன்ஸ்பெக்டர் தோற்றுப்போவார். முதலில் எடுத்ததே நேரம் சொல்லுகிற பாடம். மணி என்றால் அட், கிழமை என்றால் ஆன், மாதம் வருஷம் என்றால் இன். சரி என்று மனதில் ஏற்றிக்கொண்டேன். அடுத்த நாள் காலைக்கு இன், மாலைக்கு இன், ராத்திரிக்கு மட்டும் அட் என்கிறாள். ராத்திரி என்ன பாவம் செய்தது. அதே காலையைத் திங்கட்கிழமையோடு சேர்த்தால் ஆன் ஆகிவிடுமாம். கிழமை கூட வந்தால் காலைக்குச் சொந்த மரியாதை போய்விடுகிறது.

நாம் எட்டு மணிக்கு, எட்டு மணிக்குள், எட்டு மணி வரைக்கும் என்று நேரத்துக்கு வால் ஒட்டுகிறோம். அவர்கள் அதைத் தலையில் வைக்கிறார்கள். எட்டு என்று சொல்லுவதற்கு முன்பே அதற்குள்ளா அது வரைக்குமா என்று முடிவு செய்துவிட வேண்டும், இவ்வளவு அவசரப்பட்டு நம்மால் எதைச் சொல்ல முடியும். ஆய்க்குடிப் பக்கம் ஓர் ஆட்டுத் திருட்டு கேஸில், எப்ப வே பாத்தீரு என்று சாட்சியைக் கேட்டேன். பால்காரன் வந்ததுக்குப் பின்னால, வெளிச்சம் வாறதுக்கு முன்னால என்றார். நான் சுமார் ஐந்து மணியளவில் என்று எழுதிக்கொண்டேன். அந்த சுமாரும் அந்த அளவிலும் எத்தனை வக்கீல்களிடமிருந்து என்னைக் காப்பாற்றியிருக்கின்றன. இங்கிலீஷில் அந்த இடத்தில் அட் என்று ஆணி அடித்த மாதிரி ஒன்று. பஸ்ஸில் போனால் ஆன் த பஸ்ஸாம், காரில் போனால் இன் த காராம். பஸ்ஸுக்கு மேலே ஏறிப் போனவனை நாங்கள் இறக்கி ஃபைன் போட்டிருக்கிறோம். ஒன்றே ஒன்றுதான் எனக்குச் சரியாகப் பட்டது, மழையில் நிற்பதை இன் த ரெயின் என்கிறார்கள். சாரலுக்குள்ளே நாள் முழுக்க நின்றவன் என்ற முறையில் அதை ஒப்புக்கொள்கிறேன்.

உன் அம்மாவுக்கு இதெல்லாம் குழப்பவே இல்லை. அடுப்பங்கரையில் நின்றுகொண்டு அட் சிக்ஸ் ஓ கிளாக், ஆன் ஃப்ரைடே, இன் அக்டோபர் என்று முணுமுணுத்துக்கொண்டே தாளிப்பாள். கிளாஸிலேயே பிசகாமல் சொல்லுகிறவள் அவள்தான் என்று ஸ்ரீமதியே சொல்லிவிட்டாள். அது முதல் உன் அம்மா என்னைப் பார்க்கிற பார்வையே வேறு.

இப்போது மேற்படி விஷயத்துக்கு வருகிறேன். விசா இன்டர்வியூ தேதி ஆடிக்குள் விழுந்தது அல்லவா. ஆடியில் பயணம் தொடங்கக் கூடாது என்று உன் அம்மா ஒரே பிடியாக நின்றாள். அதனால் ஆனி மாதக் கடைசிப் புதன்கிழமை நல்ல நேரம் பார்த்து, சாமி கும்பிட்டு, திருநீறு பூசிக்கொண்டு, தன் பெட்டியைத் தூக்கிப்போய் அடுத்த வீட்டு நாசர் வீட்டில் வைத்துவிட்டு வந்தாள். பரஸ்தானம். உன் தலைமுறைக்கு இது தெரிந்திருக்காது, நல்ல நேரத்தில் பெட்டி வாசல் தாண்டி வேறு வீட்டுக்குப் போய்விட்டால் ஆளும் அப்போதே புறப்பட்டதாகக் கணக்கு, அதற்குப் பிறகு எந்த நாளில் ரயில் ஏறினாலும் விமானம் ஏறினாலும் தோஷமில்லை. பெட்டி மட்டும் பயணம் முடியாமல் வீடு திரும்பக் கூடாது. நாசரும் அவன் மனைவியும் அதைத் தங்கள் பீரோ பக்கத்தில் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். பெரிய பெட்டி, அன்றைக்கு நான் தூக்கித் தருகிறேன் என்றேன், நீங்க தொடாதிய என்று விரட்டிவிட்டாள்.

பிறகு பொதிகை ரயிலில் ஏறிச் சென்னை போனோம். நான் கான்சுலேட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், அவள் உள்ளே போனாள். உள்ளே நடந்தது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தமிழில் பேசலாம் அம்மா என்று அந்த அதிகாரியே தமிழில் சொல்லியிருக்கிறார். இவள் நோ தேங்க்ஸ் என்றாளாம். எப்போது புறப்படுவதாக உத்தேசம் என்று இங்கிலீஷில் கேட்டிருக்கிறார். உன் அம்மா அட், ஆன், இன் மூன்றையும் இருக்க வேண்டிய இடத்தில் வைத்து, நான் ஏற்கெனவே புறப்பட்டுவிட்டேன், புதன்கிழமை, பத்தரை மணிக்கு, காலையில் என்று முழு வாக்கியமாகச் சொல்லியிருக்கிறாள். அவர் புரியாமல், இப்போது எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்க, என் வீட்டில் என்றாள். புறப்பட்டுவிட்டேன் என்றீர்களே என்றார். ஆமாம், என் பெட்டி நாசர் வீட்டில் இருக்கிறது என்றாள். உங்கள் பெட்டி ஏன் இன்னொருவர் வீட்டில் இருக்கிறது, யார் அந்த நாசர் என்று அவர் கேட்க, ஹி இஸ் எ வெரி குட் மேன் என்று இவள் சாட்சி சொல்லியிருக்கிறாள். பரஸ்தானத்துக்கு இங்கிலீஷில் என்ன என்று ஸ்ரீமதி பாடம் எடுக்கவில்லை. அவர் மரியாதையாகவே பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்து, இந்தத் தடவை கொடுக்க இயலவில்லை, மறுபடி விண்ணப்பம் செய்யுங்கள் என்று அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இப்படி ஒரு வாக்குமூலம் என் முன்னால் வந்திருந்தால் நானும் உட்கார வைத்துத்தான் விசாரித்திருப்பேன்.

வெளியே வந்தவள் அழவில்லை. நான் எல்லாம் கரெக்டாத்தான் சொன்னேன், எங்க தப்புன்னு தெரியலியே என்று திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். போகப் போறேன் என்று சொல்லியிருக்கலாமே என்றேன். புறப்பட்டாச்சே, பொய்யா சொல்லச் சொல்லுதிய என்று கேட்டாள். அது பொய்யா நிஜமா என்று விருதுநகர் தாண்டும் வரைக்கும் யோசித்தேன், இன்றைக்கும் யோசிக்கிறேன்.

ஊர் வந்த பிறகு பெட்டியை எடுத்து வந்துவிடலாமா என்று கேட்டதுதான் தாமதம், முகம் வெளுத்துப்போயிற்று. புறப்பட்டவ பாதியில திரும்பினா பிள்ளைக்கு ஆகாது என்று சொல்லிவிட்டாள். அது முதல் பெட்டி அங்கே, இவள் இங்கே. நல்ல சேலையெல்லாம் பெட்டியில். வாசுதேவநல்லூர்க் கல்யாணத்துக்குப் பழைய சேலையில் போய் வந்தாள், எடுத்துக் கட்டிக்கிட்டா பெட்டியைப் பிரிச்ச மாதிரி ஆயிரும் என்கிறாள். யாராவது வந்து அமெரிக்கா எப்போ என்று கேட்டால், புறப்பட்டாச்சு என்று சொல்லிவிட்டு காப்பி போடப் போகிறாள். வந்தவர்கள் என் முகத்தைப் பார்க்கிறார்கள், நான் அருவியில் தண்ணீர் எப்படி என்று பேச்சை மாற்றுகிறேன். நாசரே ஒருநாள் மெதுவாக, அண்ணாச்சி, தப்பா நினைக்காதிய, அக்கா இப்ப போயிட்டாவளா இருக்காவளா என்று கேட்டான். அவன் மனைவி வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் பெட்டியைத் துடைத்து வைக்கிறாளாம்.

இதற்கு நடுவில் நீ போனில், வேண்டாம்மா, அலையாதீங்க, நான் சமாளிச்சுக்கிடுதேன் என்று சொன்னாய். உன் அம்மா சரிட்டி என்று சொல்லி வைத்துவிட்டுப் போய் அரிசி களைந்தாள். களைந்த அரிசியையே மறுபடி களைந்தாள். அபி, நான் உன்னை ஒன்று கேட்கிறேன், ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நம் வீட்டில் வேண்டாம் என்பதற்கு என்னவெல்லாம் அர்த்தம் உண்டு என்று உனக்கே தெரியும். பந்தியில் இலையை மறைத்துக்கொண்டு சொல்லுகிற வேண்டாம் ஒன்று, நிஜ வேண்டாம் ஒன்று. நீ சொன்னது எது. நீ சின்னப் பிள்ளையில் காய்ச்சலில் கிடந்தபோதும், அம்மா வேண்டாம் போ என்று சொல்லிக்கொண்டே அவள் முந்தானையை விடாமல் பிடித்திருப்பாய். அந்தப் பிடி போனில் தெரிவதில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும், இது உன் அம்மாவுக்குத் தெரியாது. நீங்களும் வாங்கப்பா என்று நீ கூப்பிட்டபோதெல்லாம், தோப்பை யார் பார்ப்பது, முழங்கால் வலி, குளிர் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவந்தேன். தோப்பை நாசர் பார்ப்பான், குளிருக்குத்தான் நீ ஸ்வெட்டர் அனுப்பினாய், அது காணாமல் போனது வேறு கதை. விஷயம் என்னவென்றால், ஒருநாள் கிளாஸில் ஸ்ரீமதி திடீரென்று பின்வரிசைக்கு வந்து, சார், நீங்கள் எப்போது ரிட்டயர் ஆனீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டுவிட்டாள். எழுந்து நின்றேன். நர்ஸிங் படிக்கிற பிள்ளைகளெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மாதம் தெரியும், தேதி தெரியும், கிழமை கூடத் தெரியும், அன்றைக்கு மாலை போட்டு ஜீப்பில் கொண்டுவந்து விட்டது தெரியும். இன்னா ஆனா அட்டா என்று தொண்டைக்குள் மூன்றும் முண்டியடித்து ஒன்றும் வெளியே வரவில்லை. உட்காருங்கள் சார் என்று அவளே சொல்லிவிட்டாள். எத்தனை பேரை எதிரில் நிறுத்திக் கேள்வி கேட்டவன், கேள்விக்கு முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்குப் பயம், அபி. அந்தக் கவுன்டரில் நின்று உன் ஊர்க்காரர்கள் கேட்க நான் விழிப்பதை நினைத்தால் பயமாக இருக்கிறது. தோப்பெல்லாம் அதற்குப் போட்ட போர்வை.

ஆனால் அன்றைக்கு உன் அம்மா அரிசியை இரண்டாம் தடவை களைந்ததைப் பார்த்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவளை மறுபடியும் தனியாக உள்ளே அனுப்பிவிட்டு நான் பெஞ்சில் உட்கார்ந்திருக்க முடியாது என்று பட்டது. நேற்று அவள் குற்றாலநாதர் கோயிலுக்குப் போயிருந்தாள். நான் பஞ்சாங்கம் பார்த்தேன். ஆடியில் தொடங்கக் கூடாது என்பது உன் அம்மா சட்டம், போலீஸ்காரனுக்கு அவசர டூட்டிக்கு ஆடி ஆவணி கிடையாது என்பது என் சட்டம். என் பழைய பந்தோபஸ்து பையில் மிச்சமிருக்கிற வேட்டி சட்டையைத் திணித்து, இடது தோளில் மாட்டிக்கொண்டு, அக்கம்பக்கம் பார்த்துத் திருடன் மாதிரி நாசர் வீட்டு வாசல் ஏறினேன். நாசர் கடைக்குப் போயிருந்தான், அவன் மனைவிதான் இருந்தாள். இதையும் அக்கா பெட்டி பக்கத்தில் வைம்மா, அவளிடம் சொல்லாதே என்றேன். அவள் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முக்காட்டை இழுத்து வாயை மூடிச் சிரித்தாள். இது எதுக்கு அண்ணாச்சி, ஒங்க துணிதான் அன்னைக்கே வந்துட்டுதே, அக்கா பெட்டியில பாதி ஒங்க வேட்டிதான், பூட்டு விழலன்னு நான் மேல ஏறி உக்காந்துல்லா பூட்டினேன், அந்தப் பழுப்பு ஸ்வெட்டரையாவது எடுத்துருங்கக்கான்னேன், அவுகளுக்குத்தான் குளிரும்னு கேக்க மாட்டேன்னுட்டாவ என்றாள்.

நான் அங்கேயே அவர்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சுடலையாண்டியை நினைத்தேன். நான் வர மாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் முழுக்க நான் புறப்பட்டுத்தான் இருந்திருக்கிறேன், எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. அதற்கு மேல் நேற்று இன்னொரு தடவையும் புறப்பட்டுவிட்டேன். பையைத் திருப்பி எடுத்துவரவும் பயமாக இருந்தது, பிள்ளைக்கு ஆகாது என்று அவள் சொன்னது காதிலேயே நின்றது, அதனால் அங்கேயே விட்டுவிட்டேன். இப்போது அந்த அதிகாரி என்னிடம் எப்போது புறப்படுகிறீர்கள் என்று கேட்டால் எந்தப் புறப்பாட்டைச் சொல்லுவது, அதற்கு எதை முன்னால் போடுவது, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து நின்று விழிப்போம். தமிழில் பேசலாம் என்று அவர் சொன்னால் நான் நோ தேங்க்ஸ் சொல்ல மாட்டேன், அது உறுதி.

ஆகவே மறுபடி விண்ணப்பம் போடும்போது என் பெயரையும் சேர்த்துப் போடு. நீ சொன்னது நிஜ வேண்டாம் என்றால் அதையும் நேராக எழுது, நான் போய் நாசர் வீட்டிலிருந்து இரண்டையும் எடுத்து வந்து, தோஷமெல்லாம் கழிக்கிற வழியைப் பார்த்துக்கொள்கிறேன். இல்லையென்றால் போனில் அம்மாவிடம் ஒரே ஒரு வார்த்தை, வா என்று சொல். அதற்கு முன்னாலும் பின்னாலும் எதுவும் போட வேண்டியதில்லை.

இரும்புச் சத்து மாத்திரையை காப்பியோடு விழுங்காதே. உனக்கு ராத்திரி டூட்டி வேண்டாம் என்று வேலையிடத்தில் மாப்பிள்ளையைப் பேசச் சொல். படியில் இறங்கும்போது போன் பார்க்காதே. குற்றாலநாதரும் குழல்வாய்மொழி அம்மனும் உங்கள் மூன்று பேரையும் கண் போலக் காக்கட்டும், சுகப்பிரசவம் ஆகட்டும், பிறக்கிற பிள்ளை நீண்ட ஆயுசோடு இருக்கட்டும். ஸ்வெட்டர் கிடைத்துவிட்டது என்று அம்மாவிடம் வாய் தவறியும் சொல்லிவிடாதே, நான் இன்னும் அதைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். நாளைக் காலையில் சுடலையாண்டியைப் போய்ப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
வீட்டில் உட்கார்ந்தபடியே உன்னிடம் வந்துகொண்டிருக்கும்
அப்பா
சங்கிலிப்பாண்டி